சிவப்புக் குமிழும் என் வயிற்றெரிச்சலும்

எங்கள் அலுவலகத்தில் குமிழ் அக்கா என்று ஒருத்தி இருக்கிறாள். என்னைவிட எட்டு மாதம் இளையவள். ஆனாலும் மேலாளர் முதல் வாசல் காவலாளி வரை எல்லாருக்கும் அவள் அக்கா, நான் வெறும் மேடம். வயிற்றெரிச்சல் அங்கேயே தொடங்கிவிட்டது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எங்களுக்கு நில வரைபட வேலை. பழைய காகிதப் படங்களை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றியிருப்பார்கள். அதன்மேல் மனையின் ஒவ்வொரு மூலையிலும் புள்ளி வைத்து, கோடு இழுத்து, மனை எண்ணைத் தட்ட வேண்டும். ஒரு தாளில் இருநூறு மனையாவது இருக்கும். புள்ளி கொஞ்சம் நகர்ந்தாலும் ஒருவர் வீட்டுச் சமையலறை அடுத்தவர் பெயருக்குப் போய்விடும்.

நான் மவுஸ் கட்சி. அதிலும் வயர் உள்ள, கனமான மவுஸ்தான். அவளோ மவுஸையும் தொடமாட்டாள், டச்பேடையும் தொடமாட்டாள். அவளுடைய பழைய லேப்டாப்பில் ஜி, ஹெச், பி எழுத்துகளுக்கு நடுவே பட்டாணி அளவில் ஒரு சிவப்பு ரப்பர் குமிழ் இருக்கும். ஆட்காட்டி விரலால் அதை லேசாகத் தள்ளினால் அம்பு அந்தப் பக்கம் நகரும். கீழே உள்ள பட்டனைக் கட்டைவிரலால் தட்டுவாள். கை கீபோர்டை விட்டு எழுவதே இல்லை. நான் மவுஸுக்கும் கீபோர்டுக்குமாகக் கையைத் தூக்கித் தூக்கி வைத்து ஒரு மனையை முடிப்பதற்குள் அவள் இரண்டு மனை முடித்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பாள். அந்தத் தண்ணீரைக்கூட அவசரமில்லாமல்தான் குடிப்பாள்.

தலைமை வரைவாளர் ஓய்வு பெற்று அந்த நாற்காலி காலியாக இருந்தது. எங்கள் இருவரில் ஒருவருக்குத்தான் கிடைக்கும். ஒன்பது வருடமாக நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலாளரோ என் தாளை வாங்கும்போதெல்லாம், “நல்லா இருக்கு மேடம். அக்கா வேகம் மட்டும் வந்துட்டா போதும்” என்பார். பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பேன்.

ஒருநாள் அவள் விடுப்பு. ஆசை யாரை விட்டது? அவள் லேப்டாப்பில் உட்கார்ந்து அந்தக் குமிழைத் தள்ளிப் பார்த்தேன். முதலில் நன்றாகத்தான் போனது. கொஞ்ச நேரத்தில் நான் தொடாமலே அம்பு மேல்மூலையை நோக்கி ஊர்ந்தது. எதிர்ப்பக்கம் அழுத்தினேன், இன்னும் வேகமாக ஓடியது. பிடிவாதமாக அதோடு மல்லுக்கட்டியதில், அவள் போட்டு வைத்திருந்த ஒரு மனையின் மூலை பொதுக்கிணற்றுக்குள் விழுந்துவிட்டது. அம்பு நில்லாமல் ஓடியதால் அதைத் திரும்ப இழுக்க முடியவில்லை, மூடி வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் அவள் என் மேசைக்கு வந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்.

“அது தானா ஓடினா விரலை எடுத்துடணுங்க. ரெண்டு செகண்டுல நின்னுடும். எதிர்த்து அழுத்துனா இன்னும் ஓடும்.”

திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன். நிம்மதியாக இருந்திருக்கும்.

வீட்டிலும் இதே புலம்பல். காலையில் டீயை ஆற்றிக்கொண்டே என் கணவர் கேட்டார்: “ஏம்மா, ஒரு ரப்பர் துண்டுக்கா இவ்வளவு? நீயும் அதுலயே பழகிக்கயேன்.”

“அவளைப் பாத்து நான் மாறணுமா?”

“அப்ப அவங்க பேச்சையாவது விடு. நம்ம வீட்ல மூணாவது ஆளா குடியிருக்காங்க.”

பிறகு அந்தப் படிவம் வந்தது. எல்லாருக்கும் புது லேப்டாப். பொருள் பதிவேடு என் பொறுப்பில் இருந்ததால், எந்த மாடல் என்று குறிக்கும் வேலை என்னிடம் வந்தது. இரண்டு மாடல், ஒரே விலை. ஒன்றில் சிவப்புக் குமிழ் உண்டு, இன்னொன்றில் டச்பேட் மட்டும். முந்தின வருடம் படியில் விழுந்து அவள் வலது தோளில் அறுவை சிகிச்சை நடந்தது எனக்குத் தெரியும். கையை நீட்டி மவுஸைப் பிடித்தால் அவளுக்கு வலிக்கும் என்பதும் தெரியும். தெரிந்தேதான் இரண்டாவது கட்டத்தில் டிக் போட்டேன். கையெழுத்துகூட அழகாக விழுந்தது.

புது லேப்டாப்கள் வந்தன. அவள் எண்ணைத் தட்டும்போது உள்ளங்கை டச்பேடில் பட்டு அம்பு தாவும். பன்னிரண்டாம் மனையின் எண் இருபதாம் மனையில் போய் உட்காரும். ஒரு மவுஸைக் கொடுத்தார்கள். மதியத்துக்குள் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பழைய லேப்டாப்களை அதற்கு முன்பே புதியதை விற்ற கடைக்காரன் எடுத்துப் போயிருந்தான். மூன்று வாரம் பார்த்தார் மேலாளர். தலைமை நாற்காலி எனக்கு வந்தது. அவளை முன்வாசல் கவுன்டருக்கு மாற்றினார்கள். மனு வாங்க வேண்டும், ரசீது கொடுக்க வேண்டும், மீதி நேரத்தில் பழைய தாள்களைக் கோப்பில் சேர்க்க வேண்டும்.

நாற்காலி நன்றாகத்தான் இருந்தது. உட்கார்ந்ததும் கவுன்டர் பக்கம் கண் போவதுதான் தொல்லை.

இரண்டாவது வாரம் ஒரு வரைபட நகலைக் கொடுக்கக் கவுன்டருக்குப் போனேன். அவள் துளைபோட்டுக் கோப்பில் கோத்துக்கொண்டிருந்தது அந்த லேப்டாப் படிவம். இரண்டு மாடல், என் டிக், என் அழகான கையெழுத்து.

“பாத்தீங்களா?” என்றேன்.

“திங்கக்கிழமையே பாத்துட்டேன்.”

“யார்கிட்டயும் சொல்லலையா?”

“சொன்னா உங்களையும் அந்த மேசையில இருந்து தூக்கிடுவாங்க. அப்புறம் அங்க கோடு போட யார் இருக்கா?” அவள் தாளைத் தட்டிச் சமன் செய்தாள். “நீங்க மவுஸ்ல போட்ட தாளை சரிபாக்கச் சொல்லி எத்தனை தடவை எங்கிட்ட குடுத்திருப்பாங்க! ஒரு தடவைகூட நான் பிரிச்சுப் பாத்ததில்ல. அப்படியே கையெழுத்துப் போட்டுடுவேன். உங்க கோடு தப்பாதுங்க.”

எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. மேலாளரிடமிருந்து வரும் என்றுதான் இத்தனை வருடம் காத்திருந்தேன். வந்ததோ இவளிடமிருந்து, அதுவும் இந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு. அவளுடைய ஒவ்வொரு தாளையும் நான் பூதக்கண்ணாடி வைத்துத் தேடியிருக்கிறேன், ஒரு தப்பாவது கிடைக்காதா என்று.

“அந்தத் தாளைக் குடுங்க” என்றேன்.

கிழிக்கப் போகிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, ஒரு நொடி தயங்கிவிட்டுத்தான் கொடுத்தாள். நேராக மேலாளர் அறைக்கு நடந்தேன், குமிழ் வைத்த லேப்டாப் ஒன்று வாங்கச் சொல்லவும், இதை யார் செய்தது என்று சொல்லவும். மனம் திருந்திவிட்டேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கதவைத் தட்டும்போதும் என் வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது. நல்லவளாக இருப்பதிலும் அவளே முந்திக்கொண்டாளே!