போன் சிரிக்காது

லாகோஸின் முஷின் சந்தையில் என் துணிக்கடைக்கும் ஒரியாகுவின் தையல் கடைக்கும் நடுவே ஒரு தகரத் தட்டிதான் சுவர். நான் துணி விற்பேன், அவள் தைப்பாள். நாற்பத்தேழு வயது, வாட்டசாட்டமான உடம்பு. அளவெடுக்கும்போது எவ்வளவு பெரிய இடத்துப் பெண்ணாக இருந்தாலும், "மூச்சைப் பிடிக்காதீங்க, துணிகிட்ட பொய் சொல்லக் கூடாது" என்று அதட்டுவாள். பயம் என்றால் என்ன விலை என்று கேட்கிற பெண்பிள்ளை. ஒரே ஒரு குறை. எங்கள் இபோ இனத்து அப்பனுக்குப் பிறந்தவள், இபோ பேச வராது.

அது அவள் தப்பில்லை. அவளுடைய அப்பா இபேக்வே லாரி டயர் விற்க வடக்கே கானோவுக்குப் போனவர். போன இடத்தில் தலாத்து என்ற ஹவுசா இனத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டார். இரண்டு வீட்டுக்கும் சொல்லவில்லை. ஒரியாகுவுக்கு மூன்று வயதாகும்போது காய்ச்சலில் போய்விட்டார். அவருடைய ஆட்கள் வந்து உடலை அமாகூரு கிராமத்துக்குக் கொண்டுபோனார்கள். தலாத்துவும் அதே லாரியில் போனாள். குழி மூடும்வரை நின்றாள். மறுநாளே திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிறந்த வீடும் கதவைச் சாத்திவிட்டது. தைத்துத்தான் மகளை வளர்த்தாள். வீட்டுக்குள் ஹவுசா, தெருவுக்கு வந்தால் சந்தை இங்கிலீஷ். இபோ பேச்சு அந்த லாரியோடு போனதுதான்.

இப்போது தலாத்துவுக்கு எழுபத்து நான்கு. லாகோஸில் மகளோடு ஒற்றை அறையில் இருக்கிறாள். நெஞ்சில் பலமில்லை. கிழவிக்கு ஒரே ஆசை, புருஷன் பக்கத்தில் புதைக்கப்பட வேண்டும். "வாடகை வீட்டுல வாழ்ந்தாச்சு, வாடகை மண்ணுல படுக்க மாட்டேன்" என்று மகளிடம் சொல்லிவிட்டாள்.

போன ஈஸ்டருக்கு ஒரியாகு அமாகூருவுக்குப் போய்ச் சித்தப்பா எக்வெமேவிடம் கேட்டாள். "உங்கம்மாவுக்கு எங்க வீட்டுல யாரும் பரிசம் போடல. பரிசம் போடாத பொம்பளை எங்க வீட்டுப் பொம்பளை இல்ல. எங்க மண்ணுல எடம் கிடையாது" என்றார் அவர்.

எங்களில் ஆண்கள் பேச்சுக்கு மேலே ஒரு பேச்சு உண்டு. அந்தந்த ஊரில் பிறந்து வெளியூருக்கு வாழ்க்கைப்பட்ட பெண்களின் சபை. உமுஅடா என்போம். நாத்தனார்கள் எல்லோரும் ஒரே பாயில் உட்கார்ந்தால் அண்ணன் தம்பிகள் கதி என்ன என்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஒரியாகு அங்கே போய் நின்று, சித்தப்பா மகனை வைத்து மொழிபெயர்க்கச் சொன்னாள். சபைக்குத் தலைவி எகோடி, எண்பது வயது, கையை உயர்த்தி நிறுத்திவிட்டாள்.

"பொறந்த பொண்ணு வாயைத் தொறந்தா பொறந்த வீட்டுப் பேச்சு வரணும். இரவல் நாக்கு இங்க செல்லாது. கத்துக்கிட்டு வா, கேக்குறோம்."

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம், ஊருக்குப் போய்வந்த வாரத்திலிருந்து தட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு மணிச்சத்தம். போனில் ஓர் ஆப். தையல் மெஷின் மேல் நூல்கண்டில் சாய்த்து வைத்திருப்பாள். அதில் ஒரு பெண் குரல் இபோவில் ஒரு வரி சொல்லும். இவள் திருப்பிச் சொல்வாள். சரியாக இருந்தால் டிங் என்று மணி அடித்து, "மிக நன்று!" என்று பாராட்டும். மணி கேட்கும்வரை காத்திருந்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவாள்.

"ஆமை கிழங்கைத் தின்கிறது." டிங். "என் மாமாவின் ஆடு எங்கே இருக்கிறது?" டிங்.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அந்த இபோவை எங்களில் யாரும் வீட்டில் பேச மாட்டோம். செய்தி வாசிக்கிறவர்கள்தான் அப்படிப் பேசுவார்கள். ஒரு நாள் அவளாகவே தட்டிக்கு மேலே எட்டிப் பார்த்து, "அம்மையாரே, தங்கள் பிள்ளைகள் நலமாக இருக்கிறார்களா?" என்று கேட்டுவைத்தாள். நான் கடைவரிசை முழுவதையும் கூப்பிட்டுவிட்டேன்.

"ஏய், எல்லாரும் வாங்கடி! ரேடியோ ஸ்டேஷன் நம்ம சந்தைக்கே வந்துருச்சு!"

எல்லோரும் வந்தார்கள். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள். அவளும் முகம் மாறாமல் சொன்னாள். கூட்டம் கலைந்த பிறகு நான் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டேன்.

"ஏண்டி, பக்கத்துலயே மலை மாதிரி நான் உக்காந்திருக்கேன். எங்கிட்ட கத்துக்காம எதுக்குப் போனைக் கட்டிக்கிட்டு அழுவுற?"

அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னாள், "சிடெரா அம்மா, போன் சிரிக்காது."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவள் துணி அளவைச் சொல்வதுபோலச் சொன்னாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. இபோ தெரியாது என்று அவளைக் கேலி செய்ததும் நாங்கள்தான், தெரிந்துகொள்ள வாயைத் திறந்தபோது கேலி செய்ததும் நாங்கள்தான். பிறகு எப்படித்தான் ஒருத்தி கற்றுக்கொள்வாள்? அன்றைக்குத்தான் தன் அம்மாவின் கதை முழுவதையும் என்னிடம் சொன்னாள்.

முடிவெட்டும் கடை ஜெனரேட்டரில் சார்ஜ் போட்டுப் போட்டு, முந்நூற்றைம்பது நாள், ஒரு நாள் விடவில்லை. ஆப்பில் வாராவாரம் ஒரு பந்தயம் உண்டு. அமெரிக்காவிலிருந்து யாரோ ஒரு பையன் இவளுக்கு மேலேயே நின்றுகொண்டிருந்தான். "அப்பன் காசுல படிக்கிறவன். வெட்டியா இருப்பான்" என்று திட்டிக்கொண்டே, பள்ளிச் சீருடை சீசனில் நாற்பது சட்டைக்குக் கை வைத்த வாரத்தில் அவனைத் தோற்கடித்தாள்.

இந்த ஈஸ்டருக்கு நானும் துணைக்குப் போனேன். விடியற்காலை பஸ். வழியில்தான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. அந்த ஆப்பில் வீடு, சமையல், சந்தை, தூக்கம் எல்லாம் உண்டு. சாவு கிடையாது. சவம், குழி, பரிசம், எந்த வார்த்தையும் இவளுக்குத் தெரியாது.

"நல்ல வேளை ஞாபகம் வந்துச்சு. நான் சொல்லித் தரேன், இப்பவே மனப்பாடம் பண்ணு" என்றேன்.

"வேணாம். நேத்து கத்துக்கிட்ட வார்த்தை பத்துப் பேரைப் பார்த்தா ஓடிப்போயிரும். என் கையில இருக்குற துணியை வெச்சே தைச்சுக்கிறேன்."

"துணி பத்தலைன்னா?"

"பத்துற மாதிரி வெட்டுறதுதாண்டி தையக்காரி வேலை" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாள். நான்தான் நைஜர் ஆற்றுப் பாலம் தாண்டியும் அவளுக்குத் தெரியாத வார்த்தைகளை எண்ணிக்கொண்டு வந்தேன்.

சபையில் முப்பத்தாறு பேர். நான் வேறு ஊர்ப் பெண், உள்ளே உட்கார உரிமையில்லை. வேலிக்கு வெளியே நின்றேன். ஆண்கள் தள்ளி, கொட்டகைப் பக்கம் இருந்தார்கள். எகோடி கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "வந்துட்டியா? பேசு" என்றாள்.

ஒரியாகு எழுந்தாள். "அமாகூருவின் மகள்களே, வணக்கம்" என்றாள், அதே வானொலிக் குரலில். இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு அவர்களை அறையலாம் போலிருந்தது.

"நான் இபேக்வேயின் மகள்."

சொல்லிவிட்டு நிறுத்தினாள். எதற்கு நிறுத்தினாள் என்று எனக்குத் தெரியும். ஒரு வருஷப் பழக்கம், மணிக்காகக் காத்திருக்கிறாள். ஆனால் எங்கள் சபைகளில் பேசுகிறவர் ஒரு வரி சொல்லி நிறுத்தினால், பதில் கேட்கிறார் என்று அர்த்தம். பதில் கொடுக்காமல் ஒருவரை அந்தரத்தில் நிற்க வைப்பதைப் போல மரியாதைக்கேடு வேறில்லை. முன்வரிசைக் கிழவி ஒருத்தி தன்னையறியாமல் குரல் கொடுத்தாள்.

"ஆமா, இபேக்வே மகதான்!"

ஒரியாகு தலையசைத்தாள். "இபேக்வே, அமாடியின் மகன்." நிறுத்தினாள்.

"ஆமா, அமாடி மகன்தான்!" இந்தத் தடவை பத்துப் பதினைந்து வாய்.

"அமாடி இந்த மண்ணின் மகன்."

"இந்த மண்ணுதான்!" முப்பத்தாறு பேரும் சொன்னார்கள். நான் வேலியைப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்குத் தாயார் இருக்கிறார்."

"இருக்கட்டும்! நல்லா இருக்கட்டும்!"

"அவர் களைத்துவிட்டார். அவருக்குத் தூக்கம் வருகிறது."

எகோடி மட்டும் "ம்" என்றாள்.

"என் தாயாருக்குப் படுக்க இடம் இல்லை. என் தகப்பனாரின் பக்கத்தில் இடம் இருக்கிறது. ஒரு பாய் விரிக்கும் அளவு."

நிறுத்தினாள். காத்திருந்தாள். வாயைப் பொத்திக்கொண்டிருந்த இரண்டு பேரும் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். நான் கற்றுக்கொடுத்திருந்தால் சவம் என்று சொல்லியிருப்பாள், குழி என்று சொல்லியிருப்பாள், இவர்களும் சட்டம் பேசியிருப்பார்கள். நல்லவேளை, என் பேச்சைக் கேட்கவில்லை.

எகோடி கொட்டகைப் பக்கம் திரும்பினாள். "எக்வெமே! இங்க வா."

எக்வெமே தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். அறுபத்தைந்து வயது மனுஷன், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி நின்றார்.

"பரிசம் போட வேண்டியது யாரு? பொண்ணா, மாப்பிள்ளை வீடா?"

"மாப்பிள்ளை வீடுதான் அக்கா. ஆனா அண்ணன் யாருகிட்டயும் சொல்லாம..."

"அண்ணன் செத்து நாப்பத்துநாலு வருஷம் ஆச்சு. நீ உசிரோடதானே இருந்தே? நம்ம வீட்டு ஆம்பளைங்க செய்யாம விட்டதுக்கு அந்தப் பொம்பளை தெருவுல கெடக்கணுமா? பரிசக் கள்ளுக் குடத்தைத் தூக்கிக்கிட்டு அவ வீட்டு ஆளுங்களைத் தேடிப் போ. கதவைத் தொறக்கலைன்னா வாசல்ல வெச்சிட்டு வா. கடன் தீர்ந்துச்சு."

"அக்கா, ஆம்பளைங்க கூடிப் பேசி..."

"பேசுங்க, நல்லா பேசுங்க. அதுவரைக்கும் நாங்க முப்பத்தாறு பேரும் உன் முற்றத்துலயே உக்காந்திருக்கோம். உன் கோழி, உன் கிழங்கு. உன் பொண்டாட்டி சமைக்கட்டும்."

அது வெறும் மிரட்டல் இல்லை. எங்கள் பக்கத்தில் அப்படி உட்கார்ந்து ஒரு வீட்டையே காலி பண்ணியிருக்கிறார்கள். எக்வெமேவின் மனைவி வாசலிலிருந்தே புருஷனைப் பார்த்த பார்வையில் பேச்சுவார்த்தை முடிந்துவிட்டது. இபேக்வேயின் சிமெண்ட் சமாதிக்குப் பக்கத்தில் எக்வெமே மரவள்ளி நட்டிருந்தார். எகோடி தடியை ஊன்றி நிற்க, அவரே குனிந்து ஒவ்வொரு செடியாகப் பிடுங்கினார். முப்பத்தாறு நாத்தனார்களும் சுற்றி நின்று, "அந்த மூலைல ஒண்ணு விட்டுட்டே" என்று கைகாட்டிக்கொண்டிருந்தார்கள்.

மண் வெறுமையானதும் ஒரியாகு அங்கேயே நின்று லாகோஸுக்குப் போன் போட்டாள். அம்மாவிடம் ஹவுசாதான். ஐந்து வருஷமாக அவள் அம்மாவோடு போனில் பேசுவதைத் தட்டிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு, அது எனக்கும் புரியும்.

"அம்மா, எடம் குடுத்துட்டாங்க."

ஒரியாகு ஸ்பீக்கரைப் போட்டு, போனை வாயருகே கொண்டுபோனாள். "அம்மா? கேக்குதா? அப்பா பக்கத்துலயே குடுத்துட்டாங்க."

"கேக்குது. எந்தப் பக்கம்?"

"எந்தப் பக்கம்னா?"

"அவருக்கு வலது பக்கமா, இடது பக்கமான்னு கேக்குறேன்."

ஒரியாகு சமாதியைத் திரும்பிப் பார்த்தாள். "வலது பக்கம்மா. இடது பக்கம் சித்தப்பா வீட்டுச் சுவரு."

"அப்ப சரி" என்றாள் தலாத்து. "இடது காது அவருக்குக் கேக்காது."