இன்னும் என்னமோ குறையுது

தேக்கா சந்தைக்கு மீன் வாங்கப் போனவள், மீனை மறந்துவிட்டுப் புத்தகத்தோடு திரும்பி வந்தேன். வெயில் அதிகமென்றால் சிராங்கூன் சாலையில் இருக்கும் புத்தகக் கடைக்குள் ஏசிக்காக ஒதுங்குவது என் பழைய வழக்கம். உள்ளே நுழைந்ததும் ஒரு மேசை. அதன்மேல் ‘இந்த மாதம் நாங்கள் பரிந்துரைக்கும் நூல்கள்: சமையல், உடல்நலம், அன்றாட வாழ்க்கை’ என்று ஓர் அட்டை. வரிசையில் மூன்றாவது புத்தகத்தின் அட்டைப் படத்திலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள் ஃபிலோமினா.

எனக்கு வயிறு எரிந்தது. உங்களிடம் மறைப்பானேன்? பல்வலியால் இரண்டு வாரமாக ஒரு பக்கமே மென்றுகொண்டிருக்கிறேன். அவளுக்கோ முப்பத்திரண்டு பல்லும் அட்டையில் பளிச்சென்று தெரிகிறது. புத்தகத்தில் ஒரு பக்கம் தமிழ், எதிர்ப்பக்கம் ஆங்கிலம். இரண்டு மொழியிலும் அவளே எழுதியிருக்கிறாள், பாவி.

நின்றபடியே புரட்டினேன். வெங்காயம் உரிக்கும் முன் மூன்று முறை மூச்சை ஆழ இழுத்துவிட வேண்டுமாம். வெங்காயத்துக்கு முன்னால் யாராவது மூச்சை இழுப்பார்களா? சிரிப்பு வந்தது. அடுத்த பக்கத்தில் மண்சட்டியில் சிவக்கச் சிவக்க மிளகாய் அரைத்துச் செய்த நெத்திலிச் சம்பால். படத்தைப் பார்த்ததுமே அதில் போடும் பிளாச்சானின் புளித்த இறால் வாசம் மூக்கில் ஏறிவிட்டது.

அந்த வாசம் என்னைச் சாங்கி விமானச் சரக்குக் கிடங்கின் இரண்டாம் மாடிக்குத்தான் கொண்டுபோகும். நானும் ஃபிலோமினாவும் அங்கே ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். சரக்கு விவரங்களைக் கணினியில் ஏற்றும் வேலை. காலை ஆறு மணிக்குக் கம்பெனி வேன் மார்சிலிங்கில் என்னை ஏற்றிக்கொள்ளும். அடுத்த நிறுத்தம் உட்லண்ட்ஸில் அவள். தலைகூடக் காயாமல் நான் தூங்கி வழிவேன். அவள் மல்லிகைப்பூ சோப்பு மணக்க ஏறி, “ஒக்காந்தே தூங்கிட்டியாடி?” என்று என் தோளில் தட்டுவாள்.

அவள் எல்லாவற்றிலும் என்னைவிட ஒரு படி மேல். நான் பத்துப் பக்கம் தட்டுவதற்குள் பதினைந்து தட்டிவிட்டு நகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டுக்குழுவுக்கே அவள்தான் குரல். கிறிஸ்துமஸுக்கு ஒரு தடவை என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். அவள் பாடியபோது முன்வரிசையில் ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் சாமி கும்பிடாமல், இவளுக்குத் தொண்டை கட்டவே கட்டாதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

நான் ஒன்றே ஒன்றில்தான் முதல். அது என் நெத்திலிச் சம்பால். பதினொன்றரைக்குச் சாப்பாட்டு இடைவேளையில் பான்ட்ரியில் டப்பாவைத் திறந்தால் மேசை முழுக்கக் கைகள் நீளும். மேலாளரே வெறும் ரொட்டியோடு வந்து நிற்பார்.

அதன் ரகசியம் வெந்தயம். பெரிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. ஒரு நாள் அவசரத்தில் மிளகுத்தூள் என்று நினைத்து, சாம்பாருக்கு வறுத்துப் பொடித்து வைத்திருந்த வெந்தயத்தூளைப் போட்டுவிட்டேன். சம்பாலில் யார் வெந்தயம் போடுவார்கள்? ஆனால் அன்றைக்கு டப்பாவை வழித்துத் தின்றார்கள்.

ஃபிலோமினா செய்முறை கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன், வெந்தயத்தைத் தவிர. அதில் எனக்கு அப்போது குற்ற உணர்ச்சியே இல்லை. எங்கள் பக்கத்தில் செய்முறை கேட்டால் முழுசாகச் சொல்கிற பெண்கள் எத்தனை பேர் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

மறுவாரம் டப்பாவோடு வந்தாள். “சாப்பிட்டுப் பாரு. ஒன்னோடது மாதிரி வரல லா.”

ஒரு வாய் எடுத்து, கண்ணை மூடி, பெரிய நிபுணரைப் போல மென்றேன். “நல்லாத்தான் இருக்கு. ஆனா இன்னும் என்னமோ குறையுது.”

“என்னா குறையுது?”

மாட்டிக்கொண்டேன். வாயில் வந்ததைச் சொன்னேன். “நான்ஸ்டிக்ல செஞ்சியா? மண்சட்டியிலதான் செய்யணும்.”

மண்சட்டி வாங்கினாள். டப்பா வந்தது. இன்னும் என்னமோ குறைந்தது. சின்ன வெங்காயம் தேக்காவில்தான் வாங்க வேண்டும் என்றேன். உட்லண்ட்ஸிலிருந்து தேக்காவுக்கு ரயிலேறிப் போய் வாங்கினாள். அப்போதும் குறைந்தது. பிளாச்சான் எல்லை தாண்டி ஜோகூரில் வாங்கினால்தான் சரியாக வரும் என்றேன். சனிக்கிழமைக் கூட்டத்தில் காஸ்வே பாலத்தில் கால் கடுக்க நின்று வாங்கி வந்தாள். திங்கட்கிழமை வேன் முழுக்க நாறியது. டிரைவர் எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டார். அவள் பையில் டப்பாவோடு ஒரு முழுக் கட்டி பிளாச்சானும் இருந்தது. “இது ஒனக்கு” என்று என் மடியில் வைத்தாள்.

அன்றாவது சொல்லியிருக்கலாம். அன்றும் டப்பாவைத் திறந்து, மென்று, தலையை ஆட்டி, “இன்னும் என்னமோ...” என்றேன். அவள் சிரித்தாள். ஏமாந்தவளின் சிரிப்பு என்று நினைத்து உள்ளுக்குள் குளிர்ந்துபோனேன்.

பிறகு அவளுக்கு மேற்பார்வையாளர் பதவி வந்தது. நகருக்குள் இருந்த தலைமை அலுவலகத்துக்கு மாற்றினார்கள். பிரிவு விருந்தன்று எனக்குத் தலைவலி. தலைவலி பொய். இரண்டு தடவை போன் செய்தாள். வேலையாக இருப்பதாகச் சொன்னேன். மூன்றாவது தடவை அவள் செய்யவில்லை.

இப்போது கடையில் நின்று, சம்பால் செய்முறையில் விரல் வைத்து வரிவரியாகப் படித்தேன். மண்சட்டி இருந்தது. தேக்கா வெங்காயம், ஜோகூர் பிளாச்சான், நான் அடித்துவிட்ட புளுகெல்லாம் வழவழப்பான தாளில் இருந்தது. வெந்தயம் இல்லை. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் என்னை மதிக்கமாட்டீர்கள். ஊரே பரிந்துரைக்கும் புத்தகத்தில் ஓட்டை!

கீழே சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு.

‘இது என் வேலையிடத்துத் தோழி சொல்லிக்கொடுத்தது. ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டாள். அது என்னவென்று முதல் வாரமே என் மூக்குக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் அது அவளுடையது. அவள் சொல்லாமல் நான் எழுதமாட்டேன். வாரா வாரம் என் டப்பாவிலிருந்து ஒரு வாய் அவள் சாப்பிட்டுப் பார்ப்பதே எனக்குப் போதுமாக இருந்தது.’

கால் வலிக்க அங்கேயே நின்றேன். பெருந்தன்மையிலும் அவள்தான் முதல். அதையாவது எனக்கு விட்டுக்கொடுத்திருக்கக் கூடாதா?

புத்தகத்தை வாங்கி வந்து, அதில் உள்ளபடியே சம்பால் செய்தேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக வெந்தயம் போடவில்லை. சுடுசோற்றில் பிசைந்து ஒரு வாய் வைத்தேன், வலிக்காத பக்கமாக. கண்ணை மூடி மென்றேன். எதுவும் குறையவில்லை. அப்போதும் குறைந்திருக்காது.

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அவள் மின்னஞ்சல் முகவரி இருக்கிறது. எழுதலாம்தான். எழுதினாலும் எழுதுவேன். ஆனால் அந்தச் சரக்குக் கிடங்கை எப்போதோ இடித்துவிட்டார்கள். பான்ட்ரி இல்லை, அந்த மேசை இல்லை, ஆறு மணி வேனும் இல்லை. பதினொன்றரைக்கு எதிரே உட்கார்ந்து, டப்பாவை என் பக்கம் தள்ளிவிட்டு, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவளிடம் “நல்லாருக்கு ஃபிலோ” என்று சொல்ல எனக்கு எத்தனையோ வாரங்கள் இருந்தன.