கண்ணாடிக்குள் ஏழாவது பூ

நம்பாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். 1967 ஜூலை மாதம், ராயபுரத்தில், பட்டப்பகலில், என் வீட்டில் நடந்தது இது. சத்தியம்.

என் பெயர் லூர்து. துறைமுகத்தில் கிரேன் ஓட்டினேன். யார் வீட்டிலும் இல்லாத அலங்காரப் பொருள் என் வீட்டில் இருக்க வேண்டும் என்று ஒரு கிறுக்கு எனக்கு. பாழாய்ப்போன கிறுக்கு. பழைய சாமான் விற்கும் சௌக்கத் அலிக்கு அது தெரியும்.

"ஆஸ்திரேலியா போன சட்டைக்காரங்க வூட்டு சாமான், நைனா. மெட்ராஸ்லயே இது ஒண்ணுதான் கீது" என்று ஒரு கண்ணாடிக் கூண்டைக் காட்டினான். ஆங்கிலோ இந்தியர்களைத்தான் எங்கள் பக்கம் சட்டைக்காரர்கள் என்போம்.

உள்ளே ஆறு பூக்கள். காம்பு, இதழ் எல்லாமே மெல்லிய பழுப்பு இழை.

"பட்டு நூலா பாய்?"

"அப்டித்தான் கீது."

என் மனைவி ஆலிஸுக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுப் பீடத்தில், மாதா சுரூபத்தின் காலடியில் வைத்தாள். தெருவே வந்து வாய் பிளந்து பார்த்துவிட்டுப் போனது.

எங்கள் மகள் எல்சிக்கு ஐந்து வயது. டைபாய்டில் பிழைத்தவள். அவள் உயிருக்காக முடியை வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்திருந்தோம். செப்டம்பர் திருவிழாவில் மொட்டை. அதுவரை நுனியில்கூடக் கத்தரி படக் கூடாது.

மூன்றாம் நாள். இரவு ஷிப்ட் முடித்து வந்து பகலில் தூங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்துப் பாயில் எல்சி. ஆலிஸ் மீன் வாங்கப் போயிருந்தாள்.

மணி 2.10.

கிறிச்... கிறிச்...

கத்தரிச் சத்தம். விழித்தேன். யாரும் இல்லை. நான் போட்ட தாழ்ப்பாள் அப்படியே இருந்தது.

பீடத்தைப் பார்த்தேன். ஆறு... ஏழு. மறுபடி எண்ணினேன். ஏழு!

ஏழாவது, கறுப்பு.

கண்ணாடியைத் தூக்கினேன். குப்பென்று தேங்காய் எண்ணெய் வாசனை.

எல்சியின் தலையைத் திருப்பினேன். பின்னால் ஒரு கொத்து முடி... இல்லை. அவள் விழிக்கவில்லை. நல்ல தூக்கம் என்று நினைத்தேன்.

கதவை வெளியே பூட்டிவிட்டு, கூண்டோடு சௌக்கத் அலி கடைக்கு ஓடினேன். பார்த்ததுமே அவன் முகம் மாறியது.

"நானே வரணும்னு இருந்தேன், நைனா. அந்த வூட்டு ஆயா காலைல வந்து சொல்லிச்சு. இது நூல் இல்ல, முடி. அந்தக் காலத்து துரைசாணி தன்னோட ஆறு புள்ளைங்க முடில பண்ணதாம்."

"என் புள்ள முடிய வெட்டிக்கீது பாய்!"

"பயப்படாத நைனா. உசுரோட கீற புள்ள முடில அந்தம்மா கத்தரி வெக்கவே மாட்டாங்களாம். ஒவ்வொண்ணும் செத்தப்புறம் வெட்டினதுதானாம்..."

ஓடினேன்.

மணி 3.05.

எல்சி நான் திருப்பிவிட்ட பக்கமே படுத்திருந்தாள்.

நெற்றியைத் தொட்டேன்... சில்லென்றிருந்தது.

டாக்டர் வந்து பார்த்தார். இரண்டு மணிக்கே உயிர் போயிருக்கும் என்றார்.