சனிக்கிழமைக் காகங்கள்

என் மாமியாரைப் பற்றிப் பத்திரிகையில் எழுதியவர்கள் எல்லாருமே அவரைப் பறவையியல் முன்னோடி என்றுதான் எழுதினார்கள். முன்னோடி என்றால் பின்னால் யாராவது ஓடி வர வேண்டும். கொட்டாஞ்சேனையில் அவருக்குப் பின்னால் ஓடி வந்தவை தெருநாய்கள் மட்டும்தான்.

கப்பல் கம்பனியொன்றில் கிளார்க்காக இருந்தவர். கழுத்தில் சிலுவைச் சங்கிலி, அதற்கு மேலே பைனாகுலர். போர்க்காலத்தில் துறைமுகப் பக்கம் பைனாகுலரோடு நின்ற தமிழ்ப் பெண்ணுக்கு என்ன மரியாதை கிடைத்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. "மே மொகத கரன்னே?", இங்கே என்ன செய்கிறாய் என்று சோதனைச் சாவடியில் கேட்டிருக்கிறார்கள். பறவை பார்க்கிறேன் என்று இவரும் சிங்களத்திலேயே சொல்லியிருக்கிறார். அரை நாள் இருத்தி வைத்து, நோட்டுப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்களாம். காகத்தை ஒருவர் எதற்கு எண்ண வேண்டும் என்பது அவர்களுடைய சந்தேகம். கலியாணமான புதிதில் எனக்கும் அதே சந்தேகம் இருந்தது.

அவருடைய பெரிய வேலை வெள்ளவத்தைக் காகக் கணக்கு. ரயில் நிலையத்தில் தொடங்கி, கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகள் வழியாக நடந்து, கூரையிலும் மதிலிலும் பல்கனியிலும் இருக்கிற காகங்களை எண்ணுவார். கிழமை நாட்களில் கந்தோர் வேலை, ஞாயிறு பூசை. ஆகவே சனிக்கிழமை, பகல் பதினொன்றரை. ஓய்வு பெற்ற பிறகும் நாளை மாற்றவில்லை. "ஒரே நாள், ஒரே நேரம், ஒரே பாதை. அதுதான் சயன்ஸ்" என்பார். பதினாறு வருடம் இப்படி. எனக்குப் பிள்ளை பிறந்தது ஒரு சனிக்கிழமை. எண்ணி முடித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். வந்ததும் பிள்ளையின் நிறையைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

அந்த ஒழுங்கைகளில் முதலாவதில், மூன்றாம் மாடியில், என் அம்மா இருக்கிறார். கிறிஸ்தவ வேதக்காரரைக் கட்டினேன் என்று அம்மா என் கலியாணத்துக்கு வரவில்லை. நானும் பிள்ளையும் போய் வரலாம். சம்பந்தி என்றொருவர் மட்டும் உலகத்தில் இல்லை. மாமியும் லேசுப்பட்ட ரோசக்காரர் அல்ல. என் கலியாணத்துக்குப் பிறகு பதினொரு வருடம் வாரா வாரம் அந்த மாடிக்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார், ஒரு நாளும் படியேறவில்லை. கேட்டால், "நான் காக்கா பாக்கத்தானே போறேன், மகள்" என்பார்.

போன வருடம் பறவை ஆர்வலர் சங்கமொன்று அவருக்குக் கேடயம் கொடுக்க முடிவு செய்து, கட்டுரை வாசிக்கவும் அழைத்தது. டைப் செய்யும் ஊழியம் எனக்கு. வெள்ளவத்தையில், அதுவும் கடைசிப் பத்துப் பதினொரு வருடமாக, காகங்கள் கூடிக்கொண்டே போகின்றன; செப்டெம்பர் நடுவில் தொடங்கி நாலைந்து கிழமைக்கு அள்ளுகொள்ளையாகச் சேர்கின்றன; காரணம், பருவக்காற்று ஓய்ந்து கடல் காற்றுத் திசை மாறுவது. காற்றைப் பற்றி மட்டும் எட்டுப் பக்கம்.

நான் டைப் செய்வதை நிறுத்திவிட்டேன். அது பருவக்காற்று இல்லை, புரட்டாதிச் சனி. சனீஸ்வரனுக்கு விரதம் பிடித்து, காகத்துக்குச் சோறு வைத்த பிறகு சாப்பிடுகிற வீடுகள் வெள்ளவத்தையில் எத்தனை. சைவப் பிள்ளைகளுக்கு ஐந்து வயதில் தெரிகிற விடயம். என் மாமியார் இத்தனை வருடம் கொளுத்தும் வெயிலில் நின்று எண்ணியது எங்கள் ஆட்களின் பக்தியைத்தான்.

கேட்க வருகிறவர்களில் ஒரு யாழ்ப்பாணத்தார் இருந்தாலே போதும், கேடயத்தோடு சேர்த்து மானமும் போய்விடும். சொல்லாவிட்டால் அங்கே வெட்கம், சொன்னால் வீட்டில் பூகம்பம். இரண்டு நாள் டைப் செய்கிற மாதிரி நடித்தேன். மூன்றாம் நாள் சொல்லிவிட்டேன்.

மாமி கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"ஏன் மகள் இவ்வளவு நாளா சொல்லல்ல?"

"உங்களுக்குத் தெரியும் எண்டு நினைச்சன், மாமி. நீங்களும் கேக்கேல்லை."

"யாருக்கிட்ட கேக்கிறது" என்றார்.

அந்த ஒழுங்கையில் அவர் கேட்டிருக்கக்கூடிய ஒரே வீடு என் அம்மா வீடுதான். இரண்டு பிடிவாதங்களுக்கும் நடுவில் பதினொரு வருடம் சௌகரியமாக இருந்தவள் நான். வெட்கமாக இருந்தது.

மாமி நோட்டுப் புத்தகங்களைப் பரப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, செப்டெம்பர் வெளங்குது. ஆனா வருசா வருசம் கூடுதே. அதுவும் உங்க அம்மா வீட்டு ஒழுங்கையில. அதுக்கும் விரதமா?"

எனக்குத் தெரியவில்லை என்றேன்.

"அப்ப சனிக்கிழம என்னைய மேல கூட்டிட்டுப் போங்க."

முன்கூட்டிச் சொன்னால் அம்மா கதவைப் பூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய்விடுவார் என்று நான் ஒன்றும் சொல்லவில்லை. மணி அடித்தேன். அம்மா கதவைத் திறந்து, என்னைப் பார்த்து, எனக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற மாமியைப் பார்த்தார். "வாங்கோ" என்றார். அவ்வளவுதான். மாமி கதிரையின் நுனியில் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். சுகம் விசாரிக்கவில்லை. சம்பந்திகள் இருவரும் பேசிய முதல் பேச்சு இது:

"நீங்க காக்காக்கு எத்தன மணிக்குச் சோறு வைக்கிறீங்க?"

"பதினொண்டரைக்கு. நீங்கள் கீழ வந்து நிக்கேக்க."

மாமியின் பேனா நின்றது. "ஒவ்வொரு சனியுமா?"

"ஓம். விரதம் புரட்டாதியிலதான். மற்றச் சனியில உங்களுக்காகத்தான் வைக்கிறனான்." அம்மா என்னைப் பார்க்காமல் பல்கனிப் பக்கம் பார்த்துச் சொன்னார். "அந்த வெயிலுக்குள்ள அண்ணாந்து கொண்டு நிப்பியள். காகம் குறைஞ்சா உங்கட முகம் வாடிப்போகும். அதால வருசா வருசம் ஒரு பிடி கூட்டி வைப்பன்."

கட்டுரையில் இருந்த மிச்சமும் போயிற்று. எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. மாமி மட்டும் ஆராய்ச்சியை விடவில்லை.

"எந்த வருசத்தில இருந்து?"

"என்ர பிள்ளை உங்கட வீட்டுக்கு வந்த வருசத்தில இருந்து."

மாமி குனிந்து அதையும் எழுதினார். அந்த ஒரு வரியை எழுத அவருக்கு வெகுநேரம் எடுத்தது.