கோப்பிச் சட்டம் வந்த வீடு

எங்கள் வீட்டில் கோப்பி வறுப்பதென்றால் முதலில் கதவைச் சாத்துவார்கள். ஜன்னலுக்குச் சாக்கைத் தொங்கவிடுவார்கள். புகை உள்ளேயே சுற்றி உம்மாவின் கண்கள் சிவந்துபோகும். நான் இருமிக்கொண்டு வெளியே ஓடப் பார்த்தால் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பார். அது களவுக் கோப்பி அல்ல. வீட்டுக்குப் பின்னால் நின்ற எங்கள் மரங்களில் நானும் உம்மாவும் பறித்து, பின்வளவில் பாய் விரித்துக் காயவைத்த கோப்பி. ஆனாலும் வாசம் ரோட்டுக்குப் போகக் கூடாது. சொந்தக் கோப்பியைப் பயந்து பயந்து குடித்த காலம் அது.

அப்போது மலையெல்லாம் துரைமாரின் கோப்பித் தோட்டங்கள். பழம் களவு போகிறது, சாக்கு களவு போகிறது என்று அவர்கள் முறையிட்டுக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் ஒரு சட்டம் வந்தது. புத்தகத்தில் அதற்கு என்ன பெயரோ தெரியாது, எங்கள் மடவளையில் அதைக் கோப்பிச் சட்டம் என்றார்கள். மாடு களவு போனால், எடுத்தவன் யார் என்று பொலிஸ்தான் காட்ட வேண்டும். கோப்பிக்கு மட்டும் அந்த வழக்கம் தலைகீழாகிவிட்டது. வைத்திருக்கிறவன்தான், தான் களவெடுக்கவில்லை என்று காட்ட வேண்டும். மாட்டுக்காவது குறி சுடலாம், கோப்பிக் கொட்டைக்கு எங்கே குறி சுடுவது? பொலிஸ்காரர் நினைத்தால் யாரையும் வழியில் மறிக்கலாம், மூட்டையை அவிழ்க்கச் சொல்லலாம், சந்தேகம் என்ற ஒரு சொல்லோடு வீட்டுக்குள் வந்துவிடலாம். பொலிஸ்காரரை ஊரில் ராலாமி என்போம். அது மரியாதையில் வந்த பெயர்தான், ஆனால் மரியாதை பயத்தில் வந்தது.

அந்தச் சட்டத்தின் பெரும்பங்கு எங்கள் மாமாவின் தோளில் விழுந்தது. உம்மாவின் தம்பி அவர். பிடவை வியாபாரம் செய்தார். பொட்டணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு ஹுன்னஸ்கிரிய பக்கத்துத் தோட்டங்களுக்கு ஏறி, தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக நடந்து துணி விற்பார். சில வியாபாரிகள் துணிக்குப் பதிலாகக் கோப்பியை வாங்கிக்கொள்வது உண்டு. தொழிலாளர் கையில் காசைவிடக் கோப்பிதான் சுலபமாக வரும் என்பது ஊரறிந்த கதை. மாமா அதைத் தொடமாட்டார். தொடவில்லை என்பதை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டும் திரிவார். அவரிடம் இருந்த ஒரே பெருமை அது. அந்தப் பெருமையை நம்பித்தான் அக்குறணையில் ஒரு நல்ல குடும்பம் பெண் கொடுக்கப் பேசிக்கொண்டிருந்தது.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் அவரை மறிக்காத நாள் இல்லை. மாமாவும் லேசுப்பட்டவரல்ல. பொட்டணத்தை அவிழ்க்கச் சொன்னால், ஒவ்வொரு சேலையாக எடுத்து, மடிப்பை விரித்து, கரையைத் தடவிக் காட்டி, இது எந்த ஊர்ச் சாயம், எத்தனை வெளுப்புக்கு நிற்கும் என்று வியாபாரமே பேசத் தொடங்கிவிடுவார். பின்னால் வண்டிகள் வரிசையாக நின்று கத்தும். ஒருநாள் சோதனை போட வந்த ராலாமிக்கே ஒரு லேஞ்சியை, அதுதான் கைக்குட்டையை, விற்றுவிட்டு வந்தார். அந்த ராலாமி கோப்பி வாசம் வருகிறதா என்று லேஞ்சியை முகர்ந்து பார்த்ததை மாமா நடித்துக் காட்டியபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். உம்மா சிரிக்கவில்லை.

அந்த வருடம் சாச்சியின் மாப்பிள்ளை காய்ச்சலில் மவுத்தானார். சாச்சி, உம்மாவுக்கும் மாமாவுக்கும் இளையவள். கல்யாணம் முடித்தும் எங்கள் வீட்டிலேயே ஓர் அறையில் குடியிருந்தாள். அந்த அறையிலேயே இத்தா இருக்கத் தொடங்கினாள். புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வெள்ளை உடுத்து உள்ளேயே இருக்க வேண்டும். வீட்டை விட்டு இறங்கக் கூடாது. அந்நிய ஆண்களின் கண்ணில் படக் கூடாது. பட்டால் இத்தா முறிந்துவிட்டது என்று ஊர் சொல்லும். அப்படிச் சொல்லப்பட்டவளை அதற்குப் பிறகு யார் கட்டுவார்கள்? சாச்சிக்கு இருபது வயதுகூட ஆகியிருக்காது. கதவுக்குத் திரை போட்டு, ஜன்னலை அடைத்திருந்தார்கள். சாப்பாட்டை நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். சிறு பெண்ணாக இருந்ததால் முற்றத்துக்கும் அந்த அறைக்கும் நடுவில் என் இஷ்டத்துக்கு ஓடித்திரிந்தேன்.

சாச்சியின் மாப்பிள்ளை மவுத்தாகி நாற்பதாம் நாள் அவர் பேரில் குர்ஆன் ஓதி முடிக்கும் கத்தத்துக்கு ஏற்பாடு நடந்தது. சொந்தக்காரர் வருவார்கள், எல்லாருக்கும் கோப்பி கொடுக்க வேண்டும். பின்வளவுப் பாயில் வழக்கத்தைவிட அதிகமாகக் கோப்பி காய்ந்தது. வாப்பா மாடுகளில் சாமான் ஏற்றிக்கொண்டு ஊவாப் பக்கம் போயிருந்தார். வீட்டில் ஆண் என்று இருந்தது மாமா மட்டும்தான். மேலே ஒரு தோட்டத்து ஸ்டோரிலிருந்து சாக்குகள் களவு போன செய்தி அந்தக் கிழமைதான் வந்தது. செய்தி வந்த மறுநாள் காலையில் மடவளையில் வீடு வீடாக ஏறத் தொடங்கினார்கள்.

எங்கள் வீட்டுக்கு ஒரு சார்ஜனும் சில ராலாமிகளும் வந்தார்கள். அவர்களில் ஒருவர் மலாய்க்காரர். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் பள்ளிவாசலில்தான் தொழுவார். சார்ஜன் நேரே பின்வளவுக்குப் போனார், பாயைப் பார்த்தார்.

"இந்தக் கோப்பி யாருடையது?"

உம்மா கதவுக்குப் பின்னால் நின்றபடியே பதில் சொன்னார். "எங்கடதான். அந்தா ஈக்கிற மரத்துல பறிச்சது."

சார்ஜன் மரங்களைத் திரும்பிப் பார்த்தார். கிளை கொள்ளாமல் பழம் இருந்தது. "மரம் வந்து கோட்டில் சாட்சி சொல்லுமா?" என்றார்.

வீட்டுக்குள் வந்தார்கள். கூடத்தைப் புரட்டினார்கள். நாங்கள் படுக்கும் அறையில் பெட்டியைக் கவிழ்த்தார்கள். உம்மாவின் கல்யாணச் சேலை தரையில் கிடந்தது. மாமாவின் பொட்டணத்தைப் பார்த்ததும் சார்ஜனுக்கு ஆளை அடையாளம் தெரிந்துவிட்டது. பாலத்தடி வியாபாரி, தோட்டத்துக்குப் போகிறவன், வீட்டில் கோப்பி. அவருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? திரை போட்ட கதவைக் காட்டி, உள்ளே என்ன என்று கேட்டார்.

"எங்கட தங்கச்சி ஈக்கிறா," என்றார் மாமா. "மாப்பிள மவுத்தாகி இத்தால ஈக்கிறா. அந்நிய ஆம்புள உள்ளுக்குப் போக ஏலாது."

மலாய் ராலாமி தரையைப் பார்த்துக்கொண்டு, "அது சரிதான் சார்ஜன், அந்தக் கதவுகிட்ட நாங்க போகக் கூடாது," என்றார்.

"களவுச் சாக்கு வைக்க அதைவிட நல்ல அறை இந்த ஊரில் இருக்காது," என்றார் சார்ஜன்.

உம்மா கெஞ்சத் தொடங்கினார். தங்கச்சியைப் போர்த்தி மற்ற அறைக்கு மாற்றிவிடுகிறோம், அதன் பிறகு பாருங்கள் என்றார். அவளோடு சாக்கும் மாறிவிடும் என்றார் சார்ஜன். அவரைக் கொடியவர் என்று சொல்லமாட்டேன். விடியலிலிருந்து மலையில் ஏறி இறங்கி அவர் முகம் கறுத்துப்போயிருந்தது. துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் இறங்கிய குரலில், "நான் வெறுங்கையோடு போக ஏலாது. மேலே கேட்பார்கள்," என்றார். சொல்லிவிட்டுத் திரைக்குக் கை நீட்டினார்.

உள்ளே ஓதிக்கொண்டிருந்த சாச்சியின் சத்தம் நின்றது. ஒளிவதற்கு அங்கே மூலைகூட இல்லை என்று எனக்குத் தெரியும்.

மாமா சிரித்தார். பாலத்தடியில் சேலை விரித்துக் காட்டும்போது சிரிக்கும் அதே சிரிப்பு.

"என்னத்துக்கு சார்ஜன் கஷ்டப்படுறீங்க? நீங்க தேடுற கோப்பி பாயிலதான் ஈக்கிது. நான்தான் லயத்துல துணிக்கு மாத்தினேன். உள்ளுக்கு ஒண்டும் இல்ல. வாங்க, போவோம்."

நான் திடுக்கிட்டுப் போனேன். அந்தப் பழத்தைப் பறித்தது நான். முள் குத்திய காயம் இன்னும் என் காலில் இருந்தது. மாமா பொய் சொல்கிறார், இது நாங்கள் பறித்த கோப்பி என்று சொல்ல வாயைத் திறந்தேன். 'மாமா' என்ற சொல்கூட முழுதாக வரவில்லை, உம்மா பின்னாலிருந்து என் வாயைப் பொத்திவிட்டார். பல்லில் உதடு பட்டு வலித்தது. திமிறத் திமிற இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

அது பொய் என்று சார்ஜனுக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் இப்போது நினைக்கிறேன். அவர் திரையைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். மலாய் ராலாமி நிமிரவே இல்லை. சார்ஜனுக்கு ஓர் ஆள் வேண்டும், கொஞ்சம் கோப்பி வேண்டும். இரண்டும் கிடைத்தபின் அறை எதற்கு? நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். பாயைக் கோப்பியோடு சுருட்டி எடுத்தார்கள். மாமாவுக்கு விலங்கு போட்டார்கள். நாற்பதாம் நாள் கத்தத்துக்கு வந்தவர்களுக்கு உம்மா வெந்நீரும் சீனியும் கொடுத்தார்.

ஏன் வாயைப் பொத்தினீர்கள் என்று நான் அழுது அடம்பிடித்துக் கேட்டபோது உம்மா ஒரே ஒரு தடவை பதில் சொன்னார். "மறியலுக்குப் போறவன் திரும்பி வருவான் மகள். பேர் கெட்டவ எங்க போவா?" எனக்கு அது விளங்கவில்லை. மாமாவின் பேரும் பேர்தானே என்று நினைத்தேன். அதற்குப் பிறகு நெடுநாள் உம்மாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

நோன்பு தொடங்குமுன் கோட்டில் தீர்ப்பாகி மறியலில் அடைக்கப்பட்ட மாமா ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து வந்தார். சாச்சியின் இத்தா அதற்குள் ஒழுங்காக முடிந்திருந்தது. அவள் வாசலில் நின்று அவரைப் பார்த்து அழுதாள். "என்னத்துக்கு அழுறாய், லேஞ்சி வேணுமா?" என்றார் மாமா. ஆள் மெலிந்து, தாடி வளர்ந்து, சிரிப்பு மட்டும் பழையதாக இருந்தது. அக்குறணைப் பேச்சு நின்றுபோயிருந்தது. எந்தத் தோட்டமும் அவரை உள்ளே விடவில்லை. சாச்சியை மாத்தளையில் ஒரு நல்ல இடத்தில் மறுபடி கட்டிக்கொடுத்தார்கள். அந்தக் கல்யாணத்தில் மாமா சமையல்கட்டை விட்டு வெளியே வரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் பட வேண்டாம் என்று அவரே தீர்மானித்துக்கொண்டார்.

அதன் பிறகுதான் ராலாமிகள் எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வரத் தொடங்கினார்கள். எங்கே எது களவு போனாலும் முதலில் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். கோப்பி போனாலும் வந்தார்கள், கன்றுக்குட்டி போனாலும் வந்தார்கள். சில வருடத்தில் இலையில் நோய் விழுந்து மலைத் தோட்டத்துக் கோப்பியெல்லாம் செத்தது, எங்கள் மரங்களும் பட்டுப்போயின. களவெடுக்க ஒரு கொட்டையும் மிச்சமில்லாத பின்பும் அவர்கள் வருவது நிற்கவில்லை. அப்போதெல்லாம் யாரும் தடுக்கவில்லை. சந்தேகம் என்ற சொல்லைக்கூட அவர்கள் சொல்லவில்லை. கள்ளன் இருக்கிற வீடு என்று கோட்டே எழுதி வைத்துவிட்டதே. மாமாதான் முன்னால் போய் ஒவ்வொரு கதவாகத் திறந்துவிடுவார். சாச்சி இருந்த அறையின் திரையையும் அவரே தூக்கிப் பிடிப்பார். பழகிப் பழகி அவர்களும் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். சார்ஜன் மாமாவிடம் வெற்றிலை வாங்கிப் போட்டுக்கொண்டு மழை தண்ணியைப் பற்றிக் கதைப்பார். என் தலையைத் தட்டி, வளர்ந்துவிட்டாயே என்பார்.

எனக்கு அது பெருமையாக இருந்தது. மடவளையில் வேறு எந்த வீட்டுக்கு ராலாமிகள் இவ்வளவு தரம் வருகிறார்கள் என்று என்னோடு விளையாடும் பிள்ளைகளிடம் பீற்றிக்கொள்வேன். தூரத்தில் தொப்பி தெரிந்ததும், "உம்மா, ராலாமி வந்தீக்கிறாங்க!" என்று கத்திக்கொண்டு ஓடிப்போய்க் கூடத்தில் புதுப்பாயை விரிப்பேன். உம்மா பெட்டியின் முன்னால் உட்கார்ந்து, யாரும் கேட்குமுன்னரே, உடுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைக்கத் தொடங்குவார். வருகிறவர்களுக்கு எங்கள் மேல் பிரியம் வந்துவிட்டது என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.