அசையாத ஸ்வரம்

தனியாகப் பாடித் தேர்ந்த ஒரு குரல், கூட்டத்தில் கரைந்து கேட்காமல் போனால் அது வளர்ச்சியா, இழப்பா? மயிலாப்பூர் ஸ்ரீரஞ்சனியின் வாழ்க்கை ஐம்பத்தெட்டாம் வயதில் இந்தக் கேள்வியின் முன் வந்து நின்றது.

அதுவரை அவர் கர்நாடக இசைப் பாடகி. சித்திரக்குளம் பக்கம் பாட்டு வகுப்பு நடத்துபவர். மார்கழியில் மதியக் கச்சேரிகள் கிடைக்கும். பெரும் புகழ் இல்லை. சுத்தமான பாட்டு என்ற பெயர் இருந்தது. மாணவி ஒருத்தி அனுப்பிய ஜார்ஜியா நாட்டு மலைப்பாடல் ஒன்றைக் கைபேசியில் கேட்டார். ஒரு சொல்லும் புரியவில்லை. மறுநாளும் கேட்டார். அப்படிப்பட்ட பாடல்களை அடையாறில் ஒரு குழு பாடுகிறது என்று தெரிந்ததும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

குழுவை நடத்தியவர் மரியசெல்வம். பட்டினப்பாக்கத்து மீனவர் குடும்பம். தேவாலயப் பாடகர் குழுவில் வளர்ந்தவர். ஸ்ரீரஞ்சனியின் கனமான சாரீரத்தைக் கேட்டு அவரைக் கீழ்க்குரலில் நிறுத்தினார். மேலே இரண்டு குரல்கள் ஏறி இறங்கும். கீழ்க்குரல்காரர்கள் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

முதல் நாள், பாட்டின் நடுவில் ஸ்ரீரஞ்சனி கையைத் தூக்கினார்.

“தப்பா நெனச்சுக்கப்படாது. மேல யாரோ அபஸ்வரமாப் பாடறா.”

“அது அப்டித்தான் மாமி. பக்கத்து பக்கத்து ஸ்வரம் ரெண்டும் ஒரசணும். பாட்டே அதுலதான் கீது,” என்றார் மரியசெல்வம். “ஆடிக்கினு இருக்கறது உங்க ஸ்வரம்.”

“மாமி ஊஞ்சல்ல ஒக்காந்து பாட்றாங்க மாஸ்டர்,” என்றாள் மேல்குரல் பாடும் அஸ்வினி. எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் சொன்னது உண்மை. ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகம் அந்தத் தொண்டையில் ஊறியிருந்தது. நேராக நிற்க வேண்டிய ஸ்வரம் அவரை அறியாமலே அசைந்தது. அது அசைந்தால் மேல்குரல்கள் இரண்டும் இடம் தவறின. தை மாத நிகழ்ச்சிக்குள் சரியாகாவிட்டால் அந்தப் பாட்டுக்கு மட்டும் அவர் மேடையை விட்டு இறங்கிக் கீழே உட்கார்ந்துகொள்ள வேண்டியிருக்கும் என்று மரியசெல்வம் தயங்கித் தயங்கிச் சொன்னார். பாட்டு டீச்சரிடம் அதுவரை யாரும் சொல்லாத வார்த்தை அது.

வீட்டில் சுருதிப் பெட்டியோடு சாதகம் தொடங்கியது. கணவர் கல்யாணராமன் காபி டம்ளரோடு வந்து நிற்பார்.

“இத்தனை வருஷம் பாடிட்டு கடைசில தம்புரா ஆயிட்டியா?”

“சித்த பேசாம இருங்கோ. ஆடிடும்.”

தொண்டையை இறுக்கியபோது ஸ்வரம் இன்னும் நடுங்கியது. ஒத்திகையில் தன் குரலைக் கேட்பதை விட்டு, பக்கத்தில் நிற்பவர்களின் மூச்சைக் கேட்கத் தொடங்கிய பிறகுதான் அது நின்றது. ஒரு ஸ்வரத்தைச் சும்மா பிடித்து நிற்பதை, இந்தக் கதையைச் சொல்லும் நான் பெரிதாக எண்ணியதில்லை. இப்போது எண்ணுகிறேன்.

தை மாதம் மேடையில் அந்தப் பாட்டை அவரும் நின்று பாடினார். மேலே இரண்டு ஸ்வரங்கள் உரசிப் பிரிந்தன. அடியில் ஓசை தரைபோலக் கிடந்தது. கல்யாணராமன் பக்கத்து நாற்காலிக்காரரிடம் குனிந்தார்.

“கீழ ஒரு நாதம் வரதோன்னோ? அதுல எங்காத்துக்காரி இருக்கா.”

“தனியா ஒண்ணும் கேக்கலையே சார்.”

“கேக்கப்படாது. கேட்டா தப்பு,” என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அடுத்த நிகழ்ச்சிக்கு மேல்குரலையே தருவதாக மரியசெல்வம் சொன்னார். தனிக் குரல், அரங்கு முழுவதும் கேட்கும், தன் வழியில் கமகம்கூடச் சேர்த்துக்கொள்ளலாம்.

“வேண்டாம்ப்பா,” என்றார் ஸ்ரீரஞ்சனி.

மரியசெல்வம் காரணம் கேட்டார். அன்று மாலை வீட்டில் கல்யாணராமனும் கேட்டார். அடுத்த ஒத்திகையில் அவர் பின்வரிசைக்குப் போய், கீழ்க்குரல்காரர்களோடு நின்று, பக்கத்தில் இருப்பவரின் மூச்சுக்குக் காது கொடுத்தார்.