மூன்று புள்ளடிகள்

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்து, குண்டசாலையிலிருந்து கண்டிப் பாடசாலைக்கு பஸ்ஸில் போய்வரத் தொடங்கிய வருடம் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. அப்பா கொழும்பில் கடையொன்றில் வேலை செய்தார். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. வீட்டுக்கு வரும் கடிதங்களையும் மருந்துப் போத்தல்களையும் நான்தான் வாசித்தேன். பக்கத்து வீட்டுப் பெண்களும் என்னிடமே வந்தார்கள்.

அந்த வருடம் பொதுத் தேர்தல் வந்தது. நாங்கள் குடியிருந்த மேட்டில் ஒரு வீட்டுக்கும் காணி உறுதி என்ற நிலப் பத்திரம் கிடையாது. அதை வாங்கித் தருவதாகச் சொன்ன தமிழ் வாத்தியார் ஒருவர் போட்டியிட்டார். சித்தப்பா அவருக்காக ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு திகன வரை சுற்றினார். ஒருநாள் ஒரு துண்டுப் பிரசுரத்தை என் கையில் திணித்து, “பொம்பளைங்களுக்கு எப்படி வோட்டுப் போடுறதுன்னு நீ வெளங்கப்படுத்து” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கட்சிக்கு ஒரேயொரு புள்ளடி, அதாவது ஒரு பெருக்கல் குறி. அதன்பின் கீழேயிருக்கும் வேட்பாளர் இலக்கங்களில் விரும்பிய மூன்றுக்குப் புள்ளடி. பிரசுரத்தில் இது தெளிவாகத்தான் இருந்தது. நான் தடித்த எழுத்தில் இருந்த ‘மூன்று’ என்பதை மட்டும் பார்த்தேன்.

அன்று பின்னேரம் எங்கள் குசினியில் அம்மாவோடு நான்கு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எனக்கு வரையத் தெரிந்த பூ, மீன், கோப்பை என்று சில சின்னங்களை வரைந்தேன்.

“மூணு சின்னத்துக்குப் புள்ளடி போடணும். மொதல்ல நம்ம வாத்தியாருக்கு, அப்புறம் புடிச்ச ரெண்டுக்கு.”

அம்மா தயங்கினாள். “ஒரு கட்சிக்கு மட்டுந்தான் போடணும்னு சித்தப்பா மைக்குல சொன்னாரே பாப்பா?”

“ஒனக்கு வாசிக்கத் தெரியுமா? இதுல மூணுன்னு போட்டிருக்கு.”

பெண்கள் சிரித்தார்கள். அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். பிறகு பென்சிலை வாங்கி, குனிந்து, மூன்று புள்ளடிகளையும் கவனமாகப் போட்டாள். நான் அதற்குச் ‘சரி’ போட்டுக் கொடுத்தேன்.

வோட்டுப் போட்டுவிட்டு வந்த அன்று, மை பூசிய விரலைக் காட்டி, “நீ சொன்ன மாதிரியே போட்டேன்” என்றாள். அவ்வளவு சந்தோஷம் அவள் முகத்தில்.

வாத்தியார் சொற்ப வித்தியாசத்தில் தோற்றுப்போனார். வாக்கு எண்ணிய இடத்திலிருந்து வந்த சித்தப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் கதிரையில் சாய்ந்தார்.

“எத்தனை வோட்டு செல்லாமப் போச்சு தெரியுமா? மூணு கட்சிக்குப் புள்ளடி போட்டு வச்சிருக்காங்க. நம்ம சனத்துக்கு ஒன்னுமே தெரியல. அண்ணி, நீங்க எப்படிப் போட்டீங்க?”

தேங்காய் துருவிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. ஒரு கணம் என்னைப் பார்த்தாள். நான் கணக்குக் கொப்பிக்குள் தலையைப் புதைத்துக்கொண்டேன்.

“மூணு போட்டுட்டேன் தம்பி. எழுத்து தெரியாதவ தானே. பாப்பா சொன்னதைச் சரியா வெளங்கிக்கல போல.”

சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார். எழுத்தறிவில்லாத பெண்கள் தங்கள் கையாலேயே தங்கள் உறுதியைக் கிழித்துவிட்டார்கள் என்று வெகுநேரம் திட்டினார். என்னைக் காட்டிக்கொடுக்காமல் அம்மா காப்பாற்றிவிட்டாள் என்று நினைத்து நிம்மதியாகச் சோறு சாப்பிட்டேன்.

அடுத்த தேர்தலன்று பக்கத்து வீட்டுப் பெண்கள் உடுத்திக்கொண்டு வந்து கூப்பிட்டபோது அம்மா போகவில்லை.

“நீங்க போங்க. நான் வந்தா திரும்பவும் கெடுத்துப்புடுவேன். வெளங்கினவங்க போடட்டும்.”

அம்மாவுக்கு அலுப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். சித்தப்பாவிடம் அன்று சொன்னதை அவள் எனக்காகச் சொன்ன பொய் என்றே நம்பியிருந்தேன். அதை அவள் உண்மையென்றே நம்பியிருந்தாள் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.